வில்லியனூரும் பாகூரும்



சென்ற திங்களில் ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் அமர்ந்திருந்தேன். என் அருகே கல்லூரி மாணவர் ஒருவர். மதகடிப்பட்டு அவருடைய ஊர். வண்டி வில்லியனூரைக் கடந்து கண்டமங்கலத்தை நெருங்கியதும், சாலையோரத்தில் 'தமிழ்நாடு' என்ற பலகை தோன்றியது. சிறிது தொலைவு சென்றதும் மீண்டும் புதுச்சேரி; திருபுவனையும் மதகடிப்பட்டும் வந்தன. அதற்கப்பால் வளவனூரில் மறுபடியும் தமிழ்நாடு. அந்த இளைஞர் என்னைப் பார்த்து, "ஐயா, தாங்கள் ஆசிரியராக இருந்தவர் என்று தெரிகிறது. நான் நாள்தோறும் இப்படி எல்லை தாண்டித்தான் படிக்கப் போகிறேன். நம் நிலம் ஏன் இவ்வாறு கிழிந்த துணிபோலக் கிடக்கிறது?" என்று வினவினார்.

நல்ல வினா. பேருந்து ஓடும் நேரத்திற்குள் முழு விடையும் சொல்ல இயலவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன். நாம் அறிந்த புதுச்சேரி பெரும்பாலும் கடற்கரைச் சாலையும் நேரான தெருக்களும் அமைந்த நகரமே. நான் பேசப்போவது அந்நகரத்திற்கு நெல்லும் நீரும் தந்த நாட்டுப்புறத்தைப் பற்றி. சிறப்பாக, வில்லியனூர், பாகூர் என்னும் இரு கொம்யூன்களைப் பற்றி.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு கூறுகளை உடையது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டின் நடுவே உள்ளன. ஏனாம், ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. மாகே, கேரளத்தின் நடுவே அரபிக் கடலோரத்தில் இருக்கிறது. இந்நான்கனுள் பெரியதாகிய புதுச்சேரிப் பகுதியின் பரப்பு சுமார் 290 சதுர கிலோமீட்டரே. அதுவும் ஒரே நிலமாக இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊடே பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. நகருக்கு மேற்கே, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில், சங்கராபரணி ஆற்றங்கரையில் வில்லியனூர் இருக்கிறது. தெற்கே, தென்பெண்ணையாற்றின் வடகரையை ஒட்டிய வயல்களின் நடுவே பாகூர் இருக்கிறது. பாகூர்க் கொம்யூனின் கீழ்எல்லை கடல். நரம்பை, பனித்திட்டு முதலிய மீனவர் ஊர்கள் அங்கே உள்ளன.

படத்தில் துண்டு துண்டாகத் தோன்றும் இந்நிலத்தை நீர் ஒன்றாகப் பிணைத்திருக்கிறது. செஞ்சி மலைப்பக்கத்தில் தோன்றும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு என்றும் வராகநதி என்றும் பெயர்கள் உண்டு. அது வில்லியனூரைக் கடந்தபின், சுண்ணாம்பாறு, அரியாங்குப்பத்தாறு என இரு கிளைகளாகப் பிரிந்து கடலை அடைகிறது. அதன் நீரை வாய்க்கால் வழியே பெறுகிறது ஊசுட்டேரி. புதுச்சேரிப் பகுதியின் மிகப்பெரிய ஏரி அதுவே. ஆனால் அதன் பரப்பில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டுக்கு உரியது. இரண்டாவது பெரிய ஏரி பாகூர் ஏரி. அதற்கு நீர் தருவது தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து புறப்படும் பங்காரு வாய்க்கால். அணைக்கட்டு இருப்பது தமிழ்நாட்டில். ஏரி இருப்பது புதுச்சேரியில். ஆட்சி எல்லை எங்கு ஓடினும் மேட்டில் பெய்த மழை பள்ளத்தைத்தான் தேடிச் செல்லும்.

பங்காரு, சிங்காரு என்னும் தாசிமார் இருவர் தங்கள் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தனர் என்று பாகூர்ப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அக்கதை முழுதும் வரலாறு ஆகுமா என்பது வேறு. கோட்டை கட்டியவர் பெயரை மறந்துவிட்ட மக்கள், தண்ணீர் கொண்டுவந்தவர் பெயரை வாய்க்காலுக்கே இட்டு வழங்குகின்றனர். எதனை அவர்கள் பெருமையாகக் கருதினர் என்பதற்கு அதுவே சான்று.

இனி, நிலம் ஏன் துண்டுபட்டது என்ற வினாவிற்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் புதுச்சேரியில் நிலைகொண்டபோது, அவர்களுக்கு வேண்டியிருந்தது துணி வாணிகத்திற்கு ஒரு கடற்கரைத் துறையே. நாட்டுப்புறத்தை அவர்கள் ஒரே நாளில் வென்று பெறவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்கு நடந்த போட்டியில் சந்தா சாகிபுக்குத் துய்ப்ளே துணை நின்றார். அத்துணைக்கு ஈடாகவே வில்லியனூரையும் பாகூரையும் சூழ்ந்த சிற்றூர்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. வரிவருவாய் தரும் ஊர்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வழங்குவது அக்கால வழக்கம். இடையிலுள்ள ஊர் வேறொருவருக்கு உரியதாயின் அது அவ்வாறே நின்றுவிடும். வரிக்கணக்கில் இருந்த இடைவெளியே பின்னாளில் நிலப்படத்தில் எல்லைக்கோடாகியது.

அதன்பின் போர்கள் நிகழ்ந்தன. 1752-இல் பாகூருக்கருகில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர், ஆங்கிலேயர் வென்றனர். புதுச்சேரியே பலமுறை கைமாறியது. 1783-ஆம் ஆண்டு வெர்சேல்சு உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. புதுச்சேரியைச் சூழ்ந்த சார்புநிலமாக வில்லியனூர், பாகூர் என்னும் இரு வட்டாரங்களைப் பிரான்சுக்குப் பெற்றுத்தர ஆங்கில அரசர் உடன்படுகிறார் என்பது அதன் கருத்து. ஐரோப்பாவில் ஓர் அரண்மனையில் நடந்த பேச்சில் நம் இரு ஊர்களின் பெயர்கள் ஒலித்தன என்று எண்ணிப் பாருங்கள். அவ்வூர்களில் உழுதவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னர் மீண்டும் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு, 1814-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1816-இல் திருப்பி அளித்தனர். அக்காலத்து எல்லைகளே, பெரும்பாலும், இன்று பேருந்திலிருந்து நாம் காணும் எல்லைகள்.

கேட்கப்படாத அந்த மக்களுக்கு ஊராட்சியில் ஒரு பங்கு எப்போது வந்தது? 1880-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் வெளியான ஆணையொன்று, பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன் என்னும் ஊராட்சி அமைப்பை ஏற்படுத்தியது. வில்லியனூரும் பாகூரும் அப்போதே கொம்யூன்களாயின. 1907-இல் கொம்யூன்களின் எண்ணிக்கை 17 ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம், அதற்குத் தலைவராக ஒரு 'மேர்'. பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவை மேரின் அலுவலகத்திலேயே பதியப்பட்டன. எங்கள் பக்கத்து முதியோர் பலர் வீட்டில் அத்தகைய பழைய பதிவுத்தாள்களை இன்றும் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதைக் கண்டிருக்கிறேன்.

இதனைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வாக்காளர் பட்டியல்கள் ஐரோப்பியர்க்கு வேறு, இந்தியர்க்கு வேறு எனப் பிரிக்கப்பட்டிருந்தன. எண்ணிக்கையில் மிகச் சிலரான ஐரோப்பியர்க்கு மிகுதியான இடங்கள் கிடைத்தன. தேர்தல்களில் அடிதடியும் முறைகேடும் மலிந்திருந்தன. பட்டியல் முறை ஒழிந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. ஆயினும், 'நம் ஊர்க் காரியத்தை நாம் தேர்ந்தவர் மன்றத்தில் இருந்து முடிவு செய்வர்' என்ற எண்ணம் இச்சிற்றூர்களில் வேர்விட்டது. அவ்வேர் காய்த்த நாள் ஒன்று உண்டு.

வில்லியனூர்க் கொம்யூனில் கீழூர் என்றோர் ஊர் இருக்கிறது. நெல்வயல் சூழ்ந்த சிற்றூர். 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், பிரெஞ்சிந்தியச் சட்டமன்ற உறுப்பினரும் கொம்யூன்களின் மன்ற உறுப்பினருமாக 178 பேர் அவ்வூரில் கூடினர். இந்தியாவுடன் இணைவதா, இல்லையா என்பது அவர்கள் முன்னிருந்த வினா. 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான மாற்றம் நிறைவுற்றது. ஆண்டுதோறும் அந்நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகின்றனர்.

1783-இல் வெர்சேல்சு, 1954-இல் கீழூர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் நம் ஊர்களின் எதிர்காலத்தை அயல்நாட்டு அரசர்கள் முடிவு செய்தனர். இரண்டாவதில், ஊர்மக்கள் தேர்ந்த சாதாரண மன்ற உறுப்பினர்கள் முடிவு செய்தனர். கொம்யூன் என்னும் சிற்றமைப்பு இல்லாதிருப்பின், அந்த 178 பேரில் பெரும்பாலோர்க்கு அங்கே நிற்கவே உரிமை இருந்திராது.

இங்கே தேர்வு எழுதும் மாணவர்க்காக ஒரு சிறு விளக்கம். தாலுக்கா வேறு, கொம்யூன் வேறு. தாலுக்கா என்பது நிலவரி, பட்டா முதலிய வருவாய் நிருவாகத்திற்கு உரியது. கொம்யூன் பஞ்சாயத்து என்பது தெரு, விளக்கு, குடிநீர் முதலிய ஊர்க்காரியத்திற்கு உரியது. வில்லியனூர் தாலுக்காவில் வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என இரு கொம்யூன்கள். பாகூர் தாலுக்காவில் பாகூர், நெட்டப்பாக்கம் என இரு கொம்யூன்கள். புதுச்சேரிப் பகுதியில் ஐந்தாவது கொம்யூன் அரியாங்குப்பம். காரைக்காலிலும் ஐந்து உண்டு. 1973-ஆம் ஆண்டுச் சட்டங்கள் மேர் முறையை மாற்றி இன்றைய நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து முறையை அமைத்தன.

கொம்யூன் நமக்கு மட்டும் உரிய விந்தை அன்று. பால்டிக் கடலோரத்தில், போலந்து நாட்டில், பொமரேனியா என்றொரு மாகாணம் இருக்கிறது. ஏரிகள் நிறைந்த கடற்கரை நாடு அது. அதன் தலைநகராகிய க்தான்ஸ்க் என்னும் துறைமுகமும் பல ஆட்சிகளின் கீழ் இருந்ததே. 1920 முதல் 1939 வரை அது எந்த நாட்டையும் சேராத தன்னுரிமை நகரமாகவும் விளங்கிற்று. அங்கே மாகாணத்தின் கீழ் மாவட்டம், மாவட்டத்தின் கீழ் 'க்மினா' என்னும் கொம்யூன். ஒரு கட்சி ஆட்சி முடிந்தபின், 1990-இல் அந்நாட்டார் முதன்முதலாக உயிர்ப்பித்தது க்மினாவின் தன்னாட்சியைத்தான். மாவட்டத்திற்கும் மாகாணத்திற்கும் மக்கள் தேர்ந்த மன்றங்கள் அமைந்தது 1999-ஐ ஒட்டியே. அடித்தளம் இட்ட பின்னரே மேல்மாடி எழுப்ப வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் அடித்தளமோ பிரெஞ்சுக்காரர் இட்டது மட்டும் அன்று. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் மன்றமும் கல்வியும் இருந்தன. பாகூரின் பழம்பெயர் வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெளியான செப்பேடுகள் இவ்வூரில் கிடைத்தன. வாகூரில் இருந்த கல்லூரிக்கு மூன்று ஊர்களின் வருவாயை அளித்த செய்தியை அவை சொல்கின்றன. அச்செப்பேடுகள் இப்போது இருப்பது பாரிசு மாநகரில். ஊருக்கு உரிய சான்றைக் காண ஊரார் கடல்கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

பாகூர் மூலநாதர் கோயிலுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். உயர்ந்த கோபுரம் கண்ணைக் கவரும் பெருங்கோயில் அன்று அது, அமைதியான கற்றளி. அதன் சுவர்களில் சோழர் கல்வெட்டுக்களும், தொண்டை நாட்டை வென்ற இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் கல்வெட்டுக்களும் உள்ளன. ஊர்ச்சபை கூடி முடிவு செய்த காரியங்களும், ஏரியைப் பேணுவதற்கான ஏற்பாடுகளும் அக்கல்வெட்டுக்களில் இடம்பெறுகின்றன. சோழன் போய் இராட்டிரகூடன் வந்தான். அவன் போய் மீண்டும் சோழன் வந்தான். அரசர்கள் மாறியபோதும் சபை கூடிக்கொண்டிருந்தது, ஏரியும் நிரம்பிக்கொண்டிருந்தது.

மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் உள்ள திருபுவனைக்கும் ஒரு சிறப்பு உண்டு. இராசாதிராச சோழன் காலத்தில், 1048-ஆம் ஆண்டளவில், அங்கே 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட வேதக் கல்லூரி ஒன்று நடந்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. என் பேருந்துத் தோழர் நாள்தோறும் கடந்து செல்லும் ஊர் அது. தாம் கல்லூரிக்குப் போகும் வழியில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு கல்லூரியின் இடம் இருப்பதை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. அக்கல்லூரி எல்லோர்க்கும் திறந்திருந்த கல்லூரி அன்று என்பதையும் நாம் மறக்கலாகாது. இன்று அவரும் நீங்களும் பெறும் கல்வி அவ்வகையில் அதனினும் பெரிது.

வில்லியனூரின் மரபு இன்னொரு வகையானது. அங்கே திருக்காமீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் தேர்த்திருவிழாவில் ஆளுநரே வடம் பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்து தொடர்கிறது. அதே ஊரில் லூர்து அன்னையின் திருத்தலம் இருக்கிறது. அன்னையின் திருவுருவம் 1877-இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. அருகே சுல்தான்பேட்டையில் இசுலாமியர் வாழ்கின்றனர். வில்லியனூர்க் குயவர்களின் சுடுமண் கலைப்பொருள்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆற்றுப்படுகையின் மண் அவர்கள் கையில் குதிரையாகவும் யானையாகவும் உருப்பெறுகிறது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்த இருப்புப்பாதையும் இவ்வூர் வழியாகவே செல்கிறது. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே ஆற்றுநீரைப் பருகிய ஊர் இது.

இம்மரபுகள் பாதுகாப்பாக இருக்கின்றனவா? என் பாட்டனார் பாகூர்ப் பக்கத்து உழவர். ஐப்பசி மழை வலுத்த இரவுகளில் ஊரார் முறைவைத்து ஏரிக்கரையில் காவல் இருந்ததையும், கரையில் கசிவு கண்டால் வைக்கோலும் மண்மூட்டையும் சுமந்து ஓடியதையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். "கரை உடைந்தால் யார் வயல் முதலில் போகும் என்று எவரும் பார்க்க மாட்டார்கள், முதலில் போகிறது ஊர்" என்பார். வாய்க்கால் தூர்வாரவும் மதகு சீர்செய்யவும் உழவர்கள் பொதுநிதி வைத்திருந்தனர்.

ஆழ்குழாய்க் கிணறு பெருகிய பின்னர் இக்கட்டுப்பாடு தளர்ந்தது. தன் நிலத்திலேயே தண்ணீர் வரும்போது ஏரிக்கரைக்கு எதற்காகப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்தது. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன. நிலத்தடி நீர் கீழே இறங்கியது. கடலோர ஊர்களில் உவர்நீர் உள்ளே புகத் தொடங்கியது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. கரை உயர்த்துவதோடு நில்லாமல், ஊர்தோறும் ஏரிச் சங்கம் அமைக்கவும் அது முயன்றது. வாகூர்ச் சபையார் அறிந்திருந்த உண்மைதான் அது: காவலற்ற கரை நில்லாது.

ஊர்மன்றத்தின் கதையும் ஏரியின் கதை போன்றதே. 1968-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். இடையே கழிந்தவை 38 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் அது. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011-இல் முடிந்தது. அதன் பின்னர்ப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் தேர்தல் நடைபெறவில்லை. அதிகாரிகள் பணியாற்றுகின்றனர், விளக்கு எரிகிறது, வரி வாங்கப்படுகிறது. ஆயினும், ஊரார் தேர்ந்த மன்றம் இல்லாத கொம்யூன் நீர்வரத்து இல்லாத ஏரியை ஒத்தது. கரை இருக்கும், மதகு இருக்கும், பெயரும் இருக்கும். பாய்வதற்கு நீர் இராது.

இதற்கு யார் பொறுப்பு என்று வாதிட நான் இங்கு வரவில்லை. உங்களிடம் வேண்டுவது ஒன்றே. உங்கள் ஊர் எந்தக் கொம்யூனில் அடங்கியது, உங்கள் ஏரிக்கு நீர் எந்த வாய்க்கால் வழியே வருகிறது, உங்கள் கோயிற்சுவரில் எந்தக் கல்வெட்டு இருக்கிறது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்டு எழுதி வையுங்கள். ஆசிரியரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் ஊர் முதியோரைக் கேளுங்கள், பின் நீங்களே வாய்க்கால் வழியே நடந்து பாருங்கள். தன் ஊரை அறிந்தவனே அதன் மன்றத்தில் பேசத் தகுதியுடையவன். வாக்களிக்கும் வயது உங்களுக்கு வரும்போது, அந்த மன்றம் எங்கே என்று உரிமையோடு கேட்பதற்கும் அவ்வறிவே துணை செய்யும்.

மதகடிப்பட்டில் இறங்கும்போது அந்த இளைஞர், "அப்படியானால் எங்கள் ஊர் எந்த நாட்டின் துண்டும் இல்லை; அது முழு ஊர்தான்" என்று சொல்லிச் சென்றார். அவர் கண்டுகொண்டதை நீங்களும் காண வேண்டும். எல்லைக்கோட்டை அரசர்கள் வரைந்தார்கள். ஊரை ஊராக வைத்திருப்பது அதன் ஏரிக்கரையில் நிற்பவர்களும் மன்றத்தில் அமர்பவர்களுமே. அவ்விரண்டு இடங்களிலும் நாளை நிற்கப் போகிறவர்கள் நீங்கள்.